பச்சை விழுந்தால் போதுமா?

இணையதளங்களைச் சோதிக்கும் வேலை ஏஐ கைக்குப் போகிறது. சரி எது, தவறு எது என்று சொல்லும் வேலை யார் கையில் இருக்க வேண்டும்?

2024 ஜனவரி 10, நண்பகல் 12 மணி. மதுரை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஜல்லிக்கட்டுப் பதிவு தொடங்கியது. மறுநாள் நண்பகல் 12 மணிக்கு முடிந்துவிட்டது. அந்த ஒரே நாளில் அவனியாபுரத்துக்கு 2,400 காளைகள், பாலமேட்டுக்கு 3,677, அலங்காநல்லூருக்கு 6,099 என மொத்தம் 12,176 காளைகள் பதிவாயின. மாடுபிடி வீரர்கள் 4,514 பேர். வருஷம் முழுக்கக் காளையைப் பிள்ளைபோல் வளர்த்தவருக்கு அந்த 24 மணி நேரம்தான் வாசல். படிவம் சிக்கினால் பொங்கலுக்குக் காளை கட்டுத்தறியிலேயே நிற்கும்.

இந்த மாதிரி ஒரு படிவம் மக்கள் கைக்கு வருமுன் யாராவது ஒருவர் அதை உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும். பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும், ஒரே ஆள் இரண்டு முறை பதிந்தால் என்ன ஆகும், கடைசி நிமிஷத்தில் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? மென்பொருள் உலகில் இந்த ஆளுக்கு டெஸ்டர் என்று பெயர். மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்களில் தொடங்கி வீட்டு மாடியில் நடக்கும் சிறு நிறுவனங்கள் வரை இந்த வேலையில் சோறு உண்பவர்கள் ஏராளம். இப்போது அவர்கள் மேசையில் ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜெனரேட்டிவ் ஏஐ. விதியைச் சொன்னால் சோதனைகளை அதுவே எழுதுகிறது. அதுவும் நிமிஷத்தில்.

இது நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. அது வந்துவிட்டது, போகப்போவதுமில்லை. அது எழுதும் சோதனை எதைப் பிடிக்கிறது, எதைக் கோட்டை விடுகிறது என்பதுதான் நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

கையால் தட்டிய காலம்

ஆரம்பத்தில் எல்லாமே கைவேலை. எக்செல் தாளில் வரிசையாக டெஸ்ட் கேஸ். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய படிகள், எதிர்பார்க்கும் முடிவு, உண்மையில் கிடைத்த முடிவு. டெவலப்பர் ஒரு வரி மாற்றினாலும் மொத்தத்தையும் திரும்ப ஓட்ட வேண்டும். இருநூறு கேஸ் இருந்தால் இருநூறும். ரிலீஸ் நாளுக்கு முந்தைய இரவு டெஸ்டர்கள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான்.

2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ் இந்த அலுப்பிலிருந்து தப்பிக்க ஒரு கருவி செய்தார். உலாவியைத் தானே திறந்து, தானே தட்டி, தானே சரிபார்க்கும் கருவி. அதுதான் செலினியம். காளவாசல், கே.கே.நகர் பக்கம் பயிற்சி நிலையப் பலகைகளில் 'ஜாவா வித் செலினியம்' என்ற வரியை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறோம். மேனுவல் டெஸ்டிங் தெரிந்தவருக்கு ஒரு சம்பளம், ஆட்டோமேஷன் தெரிந்தவருக்கு அதற்கு மேல் ஒரு சம்பளம் என்ற பாகுபாடும் அதோடு வந்தது.

செலினியத்துக்கு எழுதித் தரும் கட்டளை வரிசையான ஸ்கிரிப்டுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. பக்கத்தில் மூன்றாவது பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது பட்டன் என்று விலாசம் எழுதி வைத்திருப்பார்கள். டிசைனர் வந்து பட்டனைக் கொஞ்சம் நகர்த்துவார். தளம் நன்றாகவே வேலை செய்யும். ஸ்கிரிப்ட் மட்டும் சிவப்பாகிவிடும். சோதனை தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. ஒருநாள் பாஸ், மறுநாள் ஃபெயில், மறுபடி பாஸ் என்று காரணமில்லாமல் மாறும் சோதனைகளும் உண்டு. 'ஃப்ளேக்கி' என்பார்கள். எத்தனையோ குழுக்களில் புதுச் சோதனை எழுதுவதைவிடப் பழையதைப் பழுது பார்ப்பதிலேயே பொழுது போனது. 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் இதை ஓரளவு சரிசெய்தது. விலாசத்துக்குப் பதில், 'பதிவு செய் என்று எழுதியிருக்கும் பட்டன்' என்று மனிதர் அடையாளம் சொல்வதைப் போலவே அதில் சொல்லலாம்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதற்கடுத்த மாதங்களிலேயே டெஸ்டர்கள் அதனிடம் ஸ்கிரிப்ட் எழுதி வாங்கத் தொடங்கிவிட்டார்கள். 2025 அக்டோபரில் பிளேரைட்டே மூன்று ஏஐ உதவியாளர்களைக் கூடவே சேர்த்துக் கொடுத்தது. ஒன்று தளத்தைச் சுற்றிப் பார்த்து என்னென்ன சோதிக்கலாம் என்று திட்டம் போடும். இன்னொன்று அந்தத் திட்டத்தை ஸ்கிரிப்டாக எழுதும். மூன்றாவது, உடைந்த சோதனையை எடுத்துப் பழுது நீக்கும்.

வாடிவாசலில் ஒரு சோதனை

வேலை எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்க ஜல்லிக்கட்டுப் பதிவையே எடுத்துக்கொள்ளலாம். மாவட்டத் தளத்தை உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது இங்கே பேச்சில்லை. ஊரறிய அறிவித்த விதிகள் போதும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் ஒரு காளை கலந்துகொள்ளலாம். காளையுடன் உரிமையாளரும், காளைக்குப் பழக்கமான ஓர் உதவியாளரும் மட்டுமே வரலாம். சான்றுகளைச் சரிபார்த்த பிறகு தகுதியுள்ளவர்கள்தான் டோக்கனைப் பதிவிறக்க முடியும். இந்த விதிகளோடு ஒரு மாதிரிப் படிவம் செய்து ஏஐயிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

பெயர் இல்லாமல் அனுப்பினால் பிழைச் செய்தி வர வேண்டும், செல்பேசி எண்ணில் ஒன்பது இலக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும், புகைப்படம் பெரிதாக இருந்தால் ஏற்கக் கூடாது என்று சோதனைகள் மளமளவென்று கொட்டும். ஒரு ஆள் இரண்டு நாள் தட்டச்சு செய்ய வேண்டியது, டீ ஆறுவதற்குள் வந்துவிடும். மனிதர் சலிப்பில் விட்டுவிடும் சில்லறைச் சோதனைகளையும் அது விடாது. இந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. எழுத ஆளில்லாமல், நேரமில்லாமல், சோதனையே இல்லாமல் வெளியாகும் தளங்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றுக்கு இது பெரிய வரம்.

இப்போது அது உருவாக்கும் மாதிரித் தரவுகளைப் பார்ப்போம். பெயர் என்ற இடத்தில் 'ஜான் டோ' இருக்கும். இந்தியப் பெயர் வேண்டும் என்றால் 'ரமேஷ் குமார்' வரும். பாலமேட்டில் படிவம் நிரப்புகிறவர் பெயர் முத்துக்கருப்பன். நமக்கு அது ஒன்பது எழுத்து. யூனிகோடு கணக்கில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் அதுவே 16. கணினியில் சேமிக்கும்போது 48 பைட். பத்துக்கு மேல் வெட்டிவிடும் ஒரு கட்டத்தில் இந்தப் பெயரை இட்டால் 'முத்துக்கர' என்று, 'ரு'வின் உகரமும் போய், பாதியில் நிற்கும். வாடிவாசலில் சான்றை ஒப்பிடும் அலுவலர் இந்தப் பெயரில் யாரும் இல்லை என்பார். ரமேஷ் குமாரை வைத்து ஓட்டிய எந்தச் சோதனையிலும் இது அகப்படாது. இன்ஷியல் எங்கே போடுவது, கடைசிப் பெயர் என்று கேட்டால் எதை எழுதுவது என்ற கேள்விகளும் இதே ரகம்தான்.

ஆதார் எண் கேட்கும் படிவம் என்றால் 1234 5678 9012 என்று எழுதும் வழக்கம் ஏஐக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு. ஆதார் எண் 0, 1 ஆகிய இலக்கங்களில் தொடங்காது. கடைசி இலக்கம், முன்னுள்ள பதினொன்றையும் வைத்து வெர்ஹோஃப் என்ற கணக்கு முறையில் வருவது. ஆகவே அது செல்லாத எண். அந்த எண்ணைப் படிவம் ஏற்றுக்கொண்டு, சோதனையும் பச்சை காட்டினால், சோதனை ஒரு பிழைக்குக் காவல் நிற்கிறது என்று பொருள்.

நேரக் கணக்கில் இன்னொரு பள்ளம். சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். 12 மணிக்குத் திற என்று மட்டும் எழுதி விட்டால் மதுரையில் மாலை ஐந்தரைக்குத்தான் படிவம் திறக்கும். சோதனை ஓடுவதும் அதே பொது நேரத்தில் என்றால் அங்கே எல்லாம் சரியாகத் தெரியும். இந்திய நேரம் என்று யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, ஊர் தெரிந்தவர் மட்டும் கேட்கும் கேள்விகள் இருக்கின்றன. மனிதரை ஆதாரால் அடையாளம் காணலாம். ஒரே காளையை அண்ணன் அவனியாபுரத்துக்கும் தம்பி அலங்காநல்லூருக்கும் பதிந்தால், இரண்டும் ஒரே காளை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஒரு தெருவில் ஒருவரிடம்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அவர் எண்ணிலேயே நான்கு வீட்டுக் காளைகள் பதிவாகின்றன. அதை மோசடி என்று தள்ளுவதா, ஏற்பதா? கோயில் காளைக்கு 'உரிமையாளர் பெயர்' என்ற கட்டத்தில் யாரை எழுதுவது? கேட்டால் ஏஐயும் ஏதோ ஒரு விடை சொல்லும், தயங்காமல் சொல்லும். அந்த விடை சரிதானா என்று ஊர்க் கமிட்டியையும் கால்நடைத் துறையையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

உரைகல் யாருடையது?

டெஸ்ட் கேஸ் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம் உண்டு: எக்ஸ்பெக்டட் ரிசல்ட். என்ன நடக்க வேண்டும் என்பது. சோதனையின் உயிர் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் தட்டச்சு.

ஏஐயிடம் விதிகளைக் கொடுக்காமல், எழுதி முடித்த நிரலை மட்டும் கொடுத்து 'இதற்குச் சோதனை எழுது' என்று சொல்வது இன்று சர்வசாதாரணம். அவசரத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான். அப்போது அது நிரலைப் படிக்கும். நிரல் என்ன செய்கிறதோ அதையே நடக்க வேண்டியது என்று எழுதிக்கொள்ளும். ஒரு காளையை மூன்று ஊரிலும் பதிய விடுவதாக நிரலில் தவறு இருந்தால், 'மூன்று ஊரிலும் பதிய முடிகிறது' என்பதே சோதனையாகி, பச்சையும் விழும். பிறகு ஒரு நல்ல டெவலப்பர் வந்து தவறைத் திருத்தினால் சோதனை சிவப்பாகி அவரைத் தடுக்கும். தெற்காவணி மூல வீதியில் நகை விற்க வந்தவரே உரைகல்லையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தால் கடைக்காரர் ஒப்புவாரா? நிரலிலிருந்தே பிறந்த சோதனையும் அதே கதைதான்.

சோதனையே தவறாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனமே பிறகு வெளியிட்ட விளக்கம் டெஸ்டர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. அப்டேட்டின் வடிவம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; நிரல் கொடுத்தது 20. சோதனைகளில் 21ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்று விட்டிருந்ததால் ஒன்று குறைவது யார் கண்ணிலும் படவில்லை. சரிபார்க்கும் மென்பொருளும் சரி என்றே சான்று தந்தது. இது ஏஐ எழுதிய சோதனை இல்லை. மனிதர்கள் கட்டிய அமைப்பு. ஆனால் 'எதுவானாலும் சரி' என்று விட்டுவிடும் சோதனைகளை ஏஐ சலிக்காமல் எழுதும். பக்கம் திறந்ததா, தலைப்புத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை காட்டும் சோதனைகள் நூறு இருந்தால், மேலாளருக்குப் போகும் அறிக்கையில் அந்த நூறு அழகாகத்தான் இருக்கும்.

பழுது நீக்கும் உதவியாளரிடம் இன்னும் கவனம் தேவை. பட்டன் இடம் மாறியதால் உடைந்த சோதனையை அது சரிசெய்வது பெரிய நிம்மதி. ஆனால் புதிய ரிலீஸில் 'உதவியாளர் பெயர்' என்ற கட்டமே தவறிப்போய்க் காணாமல் போயிருந்தால்? சோதனை உடையும். உடைய வேண்டிய இடம் அது. பழுது நீக்குகிறேன் என்று அந்தப் படியை ஏஐ எடுத்துவிட்டால் பச்சை திரும்பிவிடும், கட்டம் திரும்பாது. தளத்தில்தான் கோளாறு என்று தோன்றினால் அந்தச் சோதனையைத் தாண்டிச் செல்லுமாறு குறித்துவைக்கும்படி பிளேரைட்டின் உதவியாளரை அமைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அப்படிக் குறித்துவைத்தவற்றைத் தினமும் ஒரு மனிதர் எடுத்துப் பார்த்தால்தான் அதற்குப் பயன்.

சலித்து எடுத்த கணக்கு

ஏஐ எழுதுவதில் எவ்வளவு தேறும்? மெட்டா நிறுவனத்தின் பொறியாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ், ஸ்டோரீஸ் பகுதிகளின் நிரலுக்கு ஏஐயைக் கொண்டு கூடுதல் சோதனைகள் எழுதவைத்தார்கள். இணையப் படிவச் சோதனை இல்லை, நிரலின் சிறு துண்டுகளுக்கான சோதனை. என்றாலும் பாடம் ஒன்றுதான். எழுதியதில் பிழையின்றிக் கட்டமைந்தது 75 சதவீதம். ஓட்டியபோது நம்பகமாகத் தேறியது 57 சதவீதம். அதுவரை எந்தச் சோதனையும் தொடாத வரிகளைப் புதிதாகத் தொட்டது 25 சதவீதம்தான். இந்த மூன்று சல்லடைகளிலும் தங்கியவற்றை மட்டுமே பொறியாளர்கள் முன் வைத்தார்கள்; வைத்தவற்றில் 73 சதவீதத்தை அவர்கள் ஏற்றார்கள். இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது சல்லடைதான். சல்லடை கட்டத் தெரிந்த நிறுவனத்துக்கு ஏஐ உதவியது. சல்லடை இல்லாமல் அள்ளிக் கொட்டுகிறவருக்குக் குப்பையும் சேர்ந்தே வரும்.

சின்னக் குழுவாலும் சல்லடை கட்ட முடியும். மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பழைய முறை ஒன்று உண்டு. நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்துவது. 'மூன்றில் ஒரு ஊர்' என்ற சரிபார்ப்பைத் தூக்கிவிட்டு எல்லாச் சோதனைகளையும் ஓட்டுவது. ஒன்றாவது சிவப்பானால் நல்லது. எல்லாமே பச்சையாக இருந்தால் அந்த விதியை யாருமே காக்கவில்லை என்று தெரிந்துபோகும். செலவு அதிகம் என்று பலர் கைவிட்ட இந்த முறை, பிழைகளைப் புகுத்தும் வேலையையும் ஏஐயே செய்யும் என்பதால் இப்போது கைக்கு எட்டியிருக்கிறது.

எட்ட நின்று உதாரணம் தேட வேண்டாம், இந்த விஷயத்தில் மதுரைக்கே ஓர் அனுபவம் உண்டு. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் கூகுளோடு சேர்ந்து, நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கண்டறியும் ஏஐயை உருவாக்க உதவின. 2016இல் வெளியான ஆய்வின்படி அதற்குப் பயிற்சி தந்த படங்கள் 1,28,175. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தடவை வரை, மொத்தம் 54 கண் மருத்துவர்கள் பார்த்து, பாதிப்பு இருக்கிறதா, எந்த அளவு என்று குறித்தார்கள். அதோடும் விடவில்லை. 3,049 நோயாளிகளிடம் இந்த இரு மருத்துவமனைகளிலும் நேரடியாகச் சோதித்து, மருத்துவர்களின் கணிப்போடு ஒப்பிட்ட முடிவுகள் 2019இல் வெளியாயின. இயந்திரத்தின் விடையை மனிதரின் விடையோடு ஒப்பிட, முதலில் மனிதரின் விடை தனியாக, கவனமாக எழுதப்பட்டிருந்தது. இணையதளம் சோதிப்பவர்கள் இந்த ஒழுக்கத்தை அரவிந்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்பெக்டட் ரிசல்ட்டை நிரலைப் பார்க்காதவர் முதலில் எழுதட்டும். பிறகு ஏஐ ஸ்கிரிப்ட் எழுதட்டும்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோதனைக்கு நிஜத் தரவு இருந்தால் நன்றாக இருக்குமே என்று, போன வருஷம் பதிந்தவர்களின் பெயரையும் எண்ணையும் அள்ளி ஏதோ ஒரு ஏஐ தளத்தில் ஒட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிக் கொடுத்தவரின் ஆதார் எண் சோதனைப் பொருளாகக் கூடாது. முத்துக்கருப்பனைப் போல நம் ஊருக்குப் பொருந்தும் போலிப் பெயர்களை நாமே ஒரு பட்டியல் போட்டு வைத்தால், அதையே ஏஐயிடம் தரலாம்.

வேலை என்ன ஆகும்?

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டிப் பிள்ளைகளுக்கு ஐடி வேலைக்குள் நுழையும் வாசல்களில் டெஸ்டிங்கும் ஒன்று. பொறியியல் படிக்காத, பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்த பெண்கள் எத்தனையோ பேர் அந்த வாசல் வழியாக உள்ளே போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் எழுதும் வேலையை ஏஐ எடுத்துக்கொள்ளும்போது முதலில் குறுகுவது அந்த வாசல்தான். மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. கட்டடம் எழுந்த பிறகு உள்ளே உட்காரப் போகிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். செலினியம் கட்டளைகளை மனப்பாடம் செய்யவைக்கும் ஆறு மாதப் பயிற்சிக்குப் பிள்ளைகள் கடன் வாங்கிப் பணம் கட்டுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கட்டளைகள் இனி இலவசமாகக் கிடைக்கும்.

இலவசமாகக் கிடைக்காததை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பி வந்த பாட்டியை அவர்களுக்குத் தெரியும். சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது இன்ஷியல் மாறியதால் அலைந்த கதை அவர்கள் வீட்டுக் கதை. இரண்டு கோடு சிக்னலில், பாதி நிரப்பிய படிவம் அழிந்துபோன எரிச்சல் அவர்கள் பட்டது. ஒரு படிவம் எங்கே மனிதரைக் கைவிடும் என்ற அந்த அறிவைச் சோதனையாக எழுதப் பழக்குவதுதான் பயிற்சியாக இருக்க வேண்டும். ஏஐயிடம் சரியாகச் சொல்லவும், அது தந்ததைக் கறாராகச் சலிக்கவும், தெரியாத விதியைத் துறையிடம் போய்க் கேட்கவும் பழக்க வேண்டும்.

மதுரை வட்டாரக் கல்லூரிகள் இதைச் செய்முறைத் தேர்விலேயே கொண்டுவரலாம். மாணவர் கையில் ஓர் அரசு அறிவிப்பு, அதை வைத்துக் கட்டிய படிவம், ஏஐ எழுதித் தந்த நாற்பது சோதனைகள். நிரலில் ஆசிரியர் ஐந்து பிழைகளைப் புதைத்து வைத்திருப்பார். அந்த நாற்பதில் எத்தனை அவற்றைப் பிடிக்கின்றன, பிடிக்காதவை ஏன் தப்பின, அறிவிப்பின் எந்த வரி தெளிவில்லாமல் இருக்கிறது என்று மூன்று மணி நேரத்தில் எழுத வேண்டும். இணையமும் ஏஐயும் தேர்வறையில் தாராளமாக இருக்கட்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல, இ-சேவை மையம் நடத்துபவர் ஒருவரையும் கூப்பிட்டு உட்காரவைக்கட்டும்.